கணினி அறிவியல் படிக்கும் மாணவர் எதை எழுதலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: "கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் படிப்பதையும் எனக்குப் பிடித்த விஷயங்களையும் பொதுவெளியில் எழுத ஆசை. ஆனால் எந்தத் தலைப்பை எடுத்தாலும் அதை யாரோ என்னைவிட நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எழுதி என்ன ஆகப்போகிறது? எழுதலாம் என்றால் எதை, எந்த மொழியில், எப்படி?"

எழுதுங்கள். தயங்க வேண்டாம். ஆனால் "லிங்க்டு லிஸ்ட் என்றால் என்ன" என்று பாடப்புத்தக வரையறையோடு மட்டும் தொடங்காதீர்கள். புதிதாக எழுத வரும் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், மூன்றாவது கட்டுரையோடு நிறுத்தியும் விடுகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. வரையறையைத் திருப்பி எழுதுவதில் எழுதுகிறவருக்கே ஒன்றும் கிடைப்பதில்லை, அதனால்தான் ஆர்வம் வடிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதை இன்னொரு முறை எழுதினால் அது பாடப்புத்தகத்தைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். "எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது" என்ற உங்கள் எண்ணமும் இங்கிருந்துதான் வருகிறது. வரையறைகளைப் பொறுத்தவரை அது சரிதான்.

எழுதப்படாமல் இருப்பது வேறொன்று. படித்ததை நம்பி ஒரு நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிறீர்கள். இப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வேறு மாதிரி வருகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் கட்டுரை. எதிர்பார்ப்புக்கும் விடைக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி உங்களுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்குக் காரணம் தேடிப் போன வழியும் உங்களுடையது. ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு நீங்களே ஓட்டிப் பார்த்த சோதனை ஒன்று. இவை இரண்டும் இருந்தால் தலைப்பு எவ்வளவு பழையது என்பது பொருட்டே அல்ல.

ஓர் உதாரணத்தை முழுதாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பொதுவாகச் சொன்னால் இது புரியாது.

பைத்தான் நிரல்மொழியில் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர், மாற்ற முடியாத பொருள் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். ஆகவே ஒரு ஸ்ட்ரிங்கின் முடிவில் ஓர் எழுத்தைச் சேர்க்கும்போதெல்லாம் புதிய ஸ்ட்ரிங் ஒன்று உருவாகிறது, பழையது முழுவதும் அதற்குள் நகலெடுக்கப்படுகிறது. ஒவ்வோர் எழுத்தாக n தடவை சேர்த்தால் நகலெடுக்கும் வேலை 1, 2, 3 என்று கூடிக்கொண்டே போய், மொத்தம் n-இன் வர்க்கத்தில் பாதி அளவுக்கு வந்து நிற்கும். எனவே லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) ஸ்ட்ரிங்கை ஒட்டாதே, துண்டுகளை ஒரு லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் ஒரே முறை ஜாயின் செய் என்பது பாடம். தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

இப்போது அதை ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் லூப் ஒன்றை வைத்து 10,000 முறை, 1,00,000 முறை, 10,00,000 முறை என்று எழுத்தைச் சேர்த்து நேரத்தை அளந்து பாருங்கள். பாடத்தின்படி எண்ணிக்கை பத்து மடங்கு கூடினால் நேரம் நூறு மடங்கு கூட வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அப்படி நடக்காது; ஏறக்குறைய பத்து மடங்குதான் கூடும். பாடம் தவறா? அவசரப்பட வேண்டாம். அதே லூப்பில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஸ்ட்ரிங்கை இன்னொரு மாறியும் பிடித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். அந்த மாறியை எங்கேயும் பயன்படுத்த வேண்டியதில்லை. நிரல் சட்டென்று படுத்துவிடும். பாடம் சொன்ன வர்க்க வளர்ச்சி இப்போது கண்ணெதிரே வந்து நிற்கும்.

காரணம், பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான் செயலாக்கமான சிபைத்தானின் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணி வைத்திருக்கும். ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், நகலெடுக்காமல் அதே இடத்திலேயே நீட்டிக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. இரண்டாவது மாறி வந்து பிடித்ததும் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடுகிறது. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8-உம் இந்தக் குறுக்குவழியை நம்பி நிரல் எழுதாதீர்கள், மற்றப் பைத்தான் செயலாக்கங்களில் இது இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது.

பாருங்கள், இதிலிருந்து ஒரு நல்ல கட்டுரை பிறந்துவிட்டது. பாடம் சொன்னது, கணினி காட்டியது, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை, எந்த ஒரு வரியைச் சேர்த்தால் பாடம் மறுபடி உண்மையாகிறது. மொழியின் இலக்கணம் வேறு, அதை இயக்கும் செயலாக்கம் வேறு என்ற பெரிய கருத்தும் இதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. அதே நிரலை ஃபங்ஷனுக்கு வெளியே வைத்து ஓட்டினால் என்ன ஆகிறது, வேறு இயங்குதளத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால் அடுத்த கட்டுரைக்கும் பொருள் கிடைத்துவிடும். உங்கள் கணினியில் நான் சொன்னபடி வராவிட்டால் இன்னும் நல்லது. வந்ததையே எழுதுங்கள்.

பழைய தலைப்பில் புதிதாக எதுவும் மிச்சமிருக்காது என்று இன்னமும் தோன்றினால் பைனரி சர்ச்சின் கதையைக் கேளுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும், முதலாண்டிலேயே எல்லாரும் படித்துவிடும் அல்காரிதம். 2006-இல் மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,14,74,83,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும், நிரல் உடைந்துவிடும். ஜாவா மொழியோடு வரும் நிரல் நூலகத்துக்காக அவரே எழுதிய நிரலில் இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி சரியானது என்று நிரூபித்துக் காட்டிய வடிவத்திலும் இதே பிழை இருந்தது. நூறு கோடிக்கும் மேல் உறுப்புகள் கொண்ட அரே வந்தால்தான் பிழை வெளியே தெரியும், அதனால்தான் அத்தனை காலம் ஒளிந்திருக்க முடிந்தது. திருத்தமோ ஒரே வரி: மேலிருந்து கீழைக் கழித்து, பாதியாக்கி, கீழோடு கூட்டுங்கள். பிளாக்கின் கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் யாரும் கேள்விப்படாத அல்காரிதம் எதையும் கொண்டு வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு வரியை நிறுத்தி நிதானமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, எழுதுவதால் எழுதுகிறவருக்கு என்ன லாபம்? என்னைப் பொறுத்தவரை முதல் லாபம், நமக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடுவது. லியனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப் போன்ற அன்றாடப் பொருட்கள் எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆட்களை முதலில் மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதைப் படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தபின் அவர்களே தங்கள் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். கணினி அறிவியலில் இந்த மயக்கம் இன்னும் அதிகம், ஏனென்றால் இங்கே சொற்களே புரிந்ததுபோல் ஓர் உணர்வைக் கொடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலிருந்து கணினி இன்னொன்றுக்கு மாறுவதைப் பற்றி "கன்டெக்ஸ்ட் சுவிட்ச் நடக்கும்போது ப்ராசஸின் நிலை சேமிக்கப்படுகிறது" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எழுத உட்கார்ந்தால் எந்த நிலை, எங்கே சேமிக்கப்படுகிறது, சேமிப்பது யார், அதைச் செய்யும் நிரல் அந்த நேரத்தில் எந்த ஸ்டாக்கில் ஓடுகிறது என்று கேள்விகள் வரிசையாக எழும். தேர்வுத் தாள் இவற்றைக் கேட்காமல் விட்டுவிடலாம். உங்கள் பத்தி விடாது.

இந்தத் துறையின் பெரியவர்கள் எழுத்தை இப்படித்தான் பயன்படுத்தினார்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தம் எண்ணங்களைச் சிறு கட்டுரைகளாக எழுதி, தம் பெயரின் முதலெழுத்துகளோடு எண்ணிட்டு, நகலெடுத்துச் சில பேருக்கு அனுப்பினார். பலவும் பேனாவால் எழுதியவை. பெற்றவர்கள் மேலும் நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 2002-இல் அவர் மறையும்வரை இப்படி 1,300-க்கும் மேல் எழுதினார். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறது. சில இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு சிறு புதிர், அதற்கு ஒரு நிரூபணம், அத்தோடு சரி. டொனால்ட் க்னூத் செய்தது இன்னொரு வகை. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதியபோது, 1978-இல் முதன்முதலாகப் பிழை நீக்கத் தொடங்கியதிலிருந்து செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்தார். பத்தாண்டுகளில் சேர்ந்த 850-க்கும் மேற்பட்ட அந்தக் குறிப்புகளை வகைப்படுத்தி 1989-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். எந்த மாதிரிப் பிழை எத்தனை முறை வந்தது, எது கவனக்குறைவு, எது அல்காரிதத்திலேயே இருந்த கோளாறு என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இதில் மாணவர் உடனே பின்பற்றக்கூடியது க்னூத்தின் வழி என்று நினைக்கிறேன். ஒரு கோப்பைத் திறந்து வையுங்கள். நிரல் எதிர்பார்த்தபடி ஓடாத ஒவ்வொரு முறையும் தேதி, என்ன நினைத்தேன், என்ன நடந்தது, காரணம் என்ன என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதி விடுங்கள். ஒரு செமஸ்டர் போனபின் அதைப் படித்தால் என்ன எழுதலாம் என்ற கேள்வியே எழாது. எதை முதலில் எழுதுவது என்பதுதான் கேள்வியாக இருக்கும். இந்தக் கோப்பு இல்லாமல் நினைவை நம்பி எழுத உட்காருகிறவர்கள்தான் வரையறைக்குள் போய் விழுகிறார்கள். ஏனென்றால் வியப்பு இரண்டு நாளில் மறந்துபோகும். விடை தெரிந்தபின் அது எப்போதும் தெரிந்ததுதான் என்று மனம் நம்பிவிடும்.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம். கேள்வியை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். "இன்றைய நவீன உலகில் கணினி இன்றியமையாதது" என்பது போன்ற முன்னுரை எதுவும் தேவையில்லை. படிக்க வந்தவருக்கு அது தெரியும். பிறகு நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்று எழுதுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்பார்ப்பு தெரியாமல் முடிவை மட்டும் சொன்னால் வாசகருக்கு அதில் வியப்பு இருக்காது. அப்புறம் நிரல். படிப்பவர் அப்படியே எடுத்து ஓட்டக்கூடிய, முழுமையான, ஆனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிறிய நிரல். நானூறு வரி ப்ராஜெக்டில் வந்த பிரச்சினையை இருபது வரியில் மறுபடி வரவழைத்துக் காட்ட முடிந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பல நேரங்களில் சுருக்கும்போதே காரணம் பிடிபட்டுவிடும், கட்டுரை பிறகு தானாக எழுதிக்கொள்ளும்.

அளந்த நேரங்களை எழுதினால் மொழியின் பதிப்பு, இயங்குதளம், ப்ராசஸர் மூன்றையும் குறிப்பிடுங்கள். ஒரே தடவை ஓட்டி வந்த எண்ணை நம்பாதீர்கள். பின்னணியில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எண் ஏறிவிடும். பைத்தானில் நேரம் அளக்க உதவும் டைம்இட் கருவியின் ஆவணம், பல முறை ஓட்டி வந்தவற்றில் மிகக் குறைந்ததையே பாருங்கள், மற்றவற்றின் கூடுதல் பெரும்பாலும் வெளித் தொந்தரவால் வந்தது என்று சொல்கிறது. நல்ல யோசனை. ஒரு நிரல் இன்னொன்றைவிட 3 சதவீதம் வேகம் என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அளவைப் பத்து மடங்காக்கினால் வளர்ச்சி எப்படி இருக்கிறது என்பதுதான் மாணவர் கட்டுரைக்கு உண்மையான தீனி.

பாடத்துக்கு வெளியே உங்களுக்குப் பிடித்தவற்றைப் பற்றியும் எழுத ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றைத் தனியாக வைக்காமல் பாடத்தோடு மோத விடுங்கள் என்பேன். இசை பிடித்தால் ஒரு சுரத்தைப் பதிவு செய்து ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையில் அதிர்வெண்களாகப் பிரித்துப் பாருங்கள். சதுரங்கம் பிடித்தால் ஆட்டப் பலகையை 64 பிட் எண்ணாக வைக்கும் முறையைப் பற்றி எழுதுங்கள். தமிழ் பிடித்தால், உங்கள் கையிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"கணினி" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கண்ணுக்கு மூன்று. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும்: க, ண, இகரக் குறி, ன, மறுபடி இகரக் குறி. சி மொழியில், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வைத்துக் கேட்டால் 15; எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8 மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் கேட்டால் 3. மூன்று பேர் மூன்று விதமாக எண்ணுகிறார்கள் என்று தோன்றினாலும் ஒவ்வொருவரும் எண்ணுவது வெவ்வேறு பொருளை. ஒருவர் பைட்டை, ஒருவர் குறியீட்டு எண்ணை, ஒருவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. இனி அந்தச் சொல்லைத் தலைகீழாக்கும் நிரலை, முதலாண்டில் எழுதினீர்களே அதே நிரலை, ஓட்டிப் பாருங்கள். இகரக் குறி ஒட்டிக்கொள்ள மெய்யில்லாமல் முதலில் வந்து நிற்கும். மற்றொரு குறியோ ணகரத்தை விட்டு னகரத்தின் மேல் போய் ஏறிக்கொள்ளும். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு எண்களாக வைக்கலாம். அல்லது ககரம், எகரக் குறி, கால் என்று மூன்று எண்களாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். நிரலில் ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும். ஒரு வடிவத்தில் சேமித்த பெயரை இன்னொரு வடிவத்தில் தேடினால் கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற ஒரு படி நடுவில் இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகும். டேட்டாபேஸ், ஹாஷிங், தேடல் என்று மூன்று பாடங்கள் இந்த ஓர் எழுத்துக்குள் சந்திக்கின்றன. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கணினி மாணவர் எழுத வேண்டிய கட்டுரை இது. வேறு யாரைவிடவும் உங்களுக்கு இது நன்றாக வரும்.

மொழி விஷயம். தமிழா ஆங்கிலமா என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் எல்லாச் சொல்லையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்டாக், கேஷ், த்ரெட் என்று வகுப்பில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதலாம். நிரல், தரவு, கோப்பு என்று நாவில் ஏறிவிட்ட சொற்களை அப்படியே பயன்படுத்தலாம். முக்கியமானது, ஒரு பொருளுக்கு ஒரு கட்டுரையில் ஒரே சொல். பாதியில் மாற்றினால் வாசகர் இரண்டு வேறு பொருள் என்று நினைத்துவிடுவார். ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் விளக்கிய ஒன்றைத் தமிழில் தெளிவாக விளக்கும் கட்டுரைகள் இன்னும் மிகக் குறைவு. கூச்சத்தால் வகுப்பில் கை தூக்காத ஒரு முதலாண்டு மாணவருக்கு அது போய்ச் சேரும் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செய்யக் கூடாதவை சில உண்டு, இவற்றில் விளையாட வேண்டாம். நடப்பு அசைன்மென்ட்டின் விடையை வெளியிடாதீர்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வி வரலாம், பல பல்கலைக்கழகங்கள் இதை நேர்மை மீறலாகவே கருதுகின்றன. அதில் பயன்பட்ட கருத்தை வேறு உதாரணத்தோடு எழுதுவதில் தவறே இல்லை. இன்டர்ன்ஷிப்பில் பார்த்த நிரலையோ தரவையோ எழுதுமுன் அனுமதி கேளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (ஒரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) எதுவும் தெரிகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் ஒரு ரகசியத்தைத் தவறுதலாகப் போட்டு, அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், நீக்கினால் போதாது. பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கீயையே செல்லாததாக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஏதாவது ஒரு தளத்தில் பாதுகாப்புக் குறை கண்டுபிடித்தால் அதை நடத்துகிறவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், திருத்த அவகாசம் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் என்ற அளவை வைத்திருக்கிறது. அடுத்தவர் வரைந்த படத்தை எடுத்துப் போடாமல் நீங்களே பென்சிலால் வரைந்து புகைப்படம் எடுத்துப் போடுங்கள். கை வரைபடம் உண்மையில் நன்றாகவே விளக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். கட்டுரையை அவற்றிடம் எழுதி வாங்காதீர்கள். வாசகர் கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. மேலே சொன்னேனே, எழுதும்போதுதான் புரியாதது எது என்று தெரிய வருகிறது. அந்த வேலையைக் கருவியிடம் கொடுத்துவிட்டால் கட்டுரை கிடைக்கும், புரிதல் கிடைக்காது. எழுதி முடித்தபின் "இதில் எந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை" என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள வழி. அது சொல்லும் பதிலையும் ஓட்டிப் பார்த்தே நம்புங்கள்.

எங்கே எழுதுவது, எந்தக் கருவி என்பதில் வாரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். தோற்றத்தை அழகாக்குவதிலேயே நின்றுபோன மாணவர்கள் நிறைய. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி, கிட்டில் வைத்து, ஜெக்கில் அல்லது ஹியூகோ போன்ற ஒரு கருவியால் இணையப் பக்கமாக மாற்றினால் போதும். மூலக் கோப்புகள் உங்களிடமே இருக்கும்; நாளை இடம் மாறினாலும் எழுத்து தொலையாது. அதுதான் முக்கியம், மற்றதெல்லாம் ரசனை.

வேலைக்கு உதவுமா? உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லாமல் போகலாம். கட்டுரையைப் பார்த்துவிட்டு யாரும் உடனே வேலையோடு வந்துவிட மாட்டார்கள். நேர்முகத்தில் "நீங்கள் சந்தித்த கடினமான பிழை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, எழுதிப் பழகியவர் கேள்வி, எதிர்பார்ப்பு, சோதனை, காரணம் என்று வரிசையாகச் சொல்வார். எழுதாதவர் எல்லாவற்றையும் குழப்பிச் சொல்வார். வேலையில் சேர்ந்தபின் வடிவமைப்பு ஆவணம், பிழை அறிக்கை, மாற்றத்துக்கான விளக்கம் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். வாசகர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். முதல் ஆண்டில் அது சொல்வது ஒன்றுமில்லை. யாராவது தவறைச் சுட்டிக்காட்டினால் நன்றி சொல்லி, பழைய வரியை மறைக்காமல், தேதியோடு திருத்தம் போடுங்கள். தம் நூல்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கத்தை வைத்தவர் க்னூத். பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினாறடிமான எண் முறையில் 256-ஐ 100 என்று எழுதுவார்கள், ஆகவே 256 சென்ட் அந்த முறையில் ஒரு டாலர் என்பது அவர் கணக்கு.

எத்தனை நாளுக்கு ஒன்று என்று கேட்பீர்கள். மாதம் ஒன்று தாராளம். தேர்வு மாதத்தில் எழுத வேண்டாம், குறிப்புக் கோப்பை மட்டும் விடாதீர்கள்.

முதல் கட்டுரைக்கு எதுவும் தோன்றவில்லை என்றால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் ஒரு பெரிய இரட்டைப் பரிமாண அரேயை வரிசை வரிசையாகக் கூட்டும்போதும் பத்தி பத்தியாகக் கூட்டும்போதும் நேரம் எவ்வளவு மாறுகிறது. நினைவகத்திலிருந்து ப்ராசஸர் ஒரே முறையில் எடுத்துவரும் 64 பைட் கேஷ் வரியை வைத்து அந்த வித்தியாசத்தை எவ்வளவு தூரம் விளக்க முடிகிறது? தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் "இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்" என்று கேட்கும்போது பட்டியலுக்குள் NULL எனப்படும் வெற்று மதிப்பு ஒன்று இருந்தால் ஏன் ஒருவருமே வருவதில்லை? லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் பெரிய கோப்பை அழித்தால் டிஸ்கில் இடம் ஏன் உடனே காலியாவதில்லை? நெட்வொர்க் வகுப்பில் எழுதிய சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று ஏன் எரர் வருகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஏன் தானாகச் சரியாகிறது? கடைசிக் கேள்வியில் தொடங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சோதனைக்கு இரண்டு டெர்மினல் ஜன்னல் போதும், எரரை அநேகமாக நீங்களே ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், விடையைத் தேடிப் போனால், கணினிகள் தமக்குள் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் டிசிபி இணைப்பு மூடப்படும் விதம் முழுவதையும் படித்தே ஆக வேண்டியிருக்கும்.